விழிஞ்ஞம்: டன்னுக்கும் யூனிட்டுக்கும் இடையே மறையும் கணக்கு

புது தில்லி: கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பற்றி தில்லியில் பேச்சு எழும்போதெல்லாம் எண்கள் உருள்கின்றன. சரக்குப் பெட்டகங்கள் "டி.இ.யு." கணக்கில் சொல்லப்படுகின்றன. அந்தத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்காகக் குமரி மாவட்டத்திலிருந்து லாரியில் சென்ற கல், ஏற்றும் இடத்தில் "யூனிட்" கணக்கிலும், அரசு ஏட்டில் கன மீட்டர் அல்லது டன் கணக்கிலும் எழுதப்படுகிறது. துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மூழ்கிய கப்பலின் எண்ணெய்க்கு டன் ஓர் அளவு. அந்தக் கப்பலின் இழப்பீட்டுக்கு வேறொரு டன் அளவு. அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓடும் நெய்யாற்றின் தண்ணீருக்கோ விநாடிக்கு இத்தனை கன அடி என்பது கணக்கு.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கான விடைகள்தான். ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதே அந்தக் கேள்வி. ஆனால், ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்க்கத் தெரியாதவருக்கு இவை தனித்தனிச் செய்திகளாகவே தோன்றும். ராயல்டி எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்ற மூன்று அரசியல் கேள்விகளுக்கும் விடை, எந்த அலகைக் கொண்டு அளப்பது என்பதில்தான் தொடங்குகிறது.

சட்டம் ஒன்று, வழக்கம் வேறு

எடை, அளவு ஆகிய அனைத்தும் மெட்ரிக் முறையிலேயே இருக்க வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் முடிவு. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவுத் தரச் சட்டம் அதற்கு அடித்தளமிட்டது. அதன் வழியில் வந்த 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. அதன்படி கொள்ளளவுக்கு உரியவை கன மீட்டரும் லிட்டரும்தான். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அதுவே ஒரு கிலோ லிட்டர்.

ஆயினும், காவிரி நீர் இன்றும் "டி.எம்.சி." கணக்கில்தான் பங்கிடப்படுகிறது. டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்ததும், அதன் பிறகு அமைக்கப்பட்ட காவிரி மேலாண்மை ஆணையத்தின் உத்தரவுகளும் அடிக் கணக்கிலேயே பேசப்படுகின்றன. அடியையும் அங்குலத்தையும் கைவிடச் சொன்ன தில்லியே அடிக் கணக்கை விடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்திருந்தால், விழிஞ்ஞம் தொடர்பான ஏறத்தாழ எல்லாக் கணக்குகளையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெட்டகத்தின் கணக்கு

"டி.இ.யு." என்பது 20 அடி நீளச் சரக்குப் பெட்டகத்துக்குச் சமமான அளவு. வழக்கமான பெட்டகம் 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம் கொண்டது. பெருக்கினால் 1,360 கன அடி. அதாவது ஏறத்தாழ 38.5 கன மீட்டர். இது வெளிப்புற அளவு. உள்ளே சரக்கு வைக்கக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 33 கன மீட்டர்தான். 40 அடிப் பெட்டகம் இரண்டு டி.இ.யு. ஆகக் கொள்ளப்படும். அதன் உயரம் ஓர் அடி கூடினாலும் அதே இரண்டுதான்.

பஞ்சு நிரம்பிய பெட்டகமும் ஒரு டி.இ.யு.; கருங்கல் பலகை ஏற்றிய பெட்டகமும் ஒரு டி.இ.யு.; ஒன்றுமே இல்லாத காலிப் பெட்டகமும் ஒரு டி.இ.யு.தான். எனவே, இது சரக்கின் எடையையோ மதிப்பையோ சொல்வதில்லை. கப்பலிலும் துறைமுகத்திலும் அடைபடும் இடத்தை மட்டுமே சொல்கிறது.

விழிஞ்ஞம் முதன்மையாகச் சரக்கு மாற்றுத் துறைமுகம். பெரிய கப்பலிலிருந்து இறக்கிய பெட்டகத்தைச் சிறிய கப்பலில் ஏற்றி வேறு துறைமுகத்துக்கு அனுப்புவது அதன் பணி. இதுவரை இந்தியச் சரக்குக்காகக் கொழும்பும் சிங்கப்பூரும் செய்துவந்த பணி இது. இத்தகைய துறைமுகத்தில் ஒரே பெட்டகம் இறக்கும்போது ஒரு முறையும் ஏற்றும்போது மறு முறையும் கணக்கில் வருகிறது. ஆகவே, சரக்கு மாற்றுத் துறைமுகம் 10 லட்சம் டி.இ.யு. கையாண்டது என்றால், 10 லட்சம் பெட்டகங்கள் நாட்டுக்குள் வந்தன என்று பொருளல்ல. தூத்துக்குடி போன்ற நேரடி ஏற்றுமதி, இறக்குமதித் துறைமுகத்தின் எண்ணோடு இந்த எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

விழிஞ்ஞம் திட்டத்துக்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் மாதம் கேரள அரசுக்கும் அதானி நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் பணி தொடங்கியது. 2019-க்குள் முடிய வேண்டிய முதல் கட்டம், 2017-ஆம் ஆண்டின் ஒக்கி புயல், கல் தட்டுப்பாடு, போராட்டம் ஆகியவற்றால் தள்ளிப்போனது. 2024 ஜூலையில் முதல் சரக்குக் கப்பல் சோதனை முறையில் வந்து சேர்ந்தது. டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முதல் கட்டத் திறன் ஆண்டுக்கு 10 லட்சம் டி.இ.யு. ஆகும்.

மத்திய அரசு இத்திட்டத்துக்கு அளிக்கும் ரூ. 817.80 கோடி நிதியை, துறைமுக வருவாயில் பங்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே நீண்ட மோதலை ஏற்படுத்தியது. அவ்வாறு திருப்பினால் காலப்போக்கில் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் ஆகிவிடும் என்பது கேரளத்தின் வாதம். எத்தனை டி.இ.யு. கையாளப்படுகிறது என்பதைப் பொறுத்தே வருவாயும், வருவாயைப் பொறுத்தே பங்கும் அமையும். எனவே, அந்த மூன்றெழுத்து அலகு வெறும் துறைமுகப் புள்ளிவிவரம் மட்டுமல்ல.

2025 ஜூன் மாதம் விழிஞ்ஞத்துக்கு வந்த "எம்.எஸ்.சி. ஐரினா" 24,346 டி.இ.யு. கொள்ளும் கப்பல். உலகின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களில் ஒன்று. அதன் முழுக் கொள்ளளவைக் கன அடியாக மாற்றினால் 3.31 கோடி கன அடி வருகிறது. அதாவது, இத்தகைய கப்பல்கள் 30 சேர்ந்தால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். காவிரித் தீர்ப்பில் தமிழகத்துக்கு உரிய 177.25 டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 5,350 ஐரினாக்கள். ஒரு டி.எம்.சி. என்பது எவ்வளவு பெரிய அளவு என்பதும், அது கூடுவதும் குறைவதும் ஏன் அரசியல் ஆகிறது என்பதும் இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

மலையில் ஒரு அளவு, லாரியில் ஒரு அளவு

விழிஞ்ஞத்தின் முதல் கட்ட அலைதடுப்புச் சுவரின் நீளம் ஏறத்தாழ 3 கிலோ மீட்டர். ஆழ்கடலில் கல்லைக் கொட்டிக் கொட்டி எழுப்பப்பட்ட இந்தச் சுவருக்குக் கேரளத்தின் குவாரிகள் போதவில்லை. தமிழக எல்லையான களியக்காவிளை, விழிஞ்ஞத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோ மீட்டர்தான். குமரி, நெல்லை மாவட்டங்களின் மலைகளை நோக்கி இயல்பாகவே கண் திரும்பியது.

கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரிகள் களியக்காவிளை வழியாகவும் புளியரை வழியாகவும் கேரளத்துக்குச் செல்வது தென் மாவட்டங்களில் பல ஆண்டுகளாக எழும் அரசியல் பிரச்னை. அனுமதித்த அளவுக்கு மேல் வெட்டுகிறார்கள், அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள் என்பது கட்சி வேறுபாடின்றிச் சொல்லப்படும் புகார். அந்தப் புகாரை நிரூபிப்பதற்கும் மறுப்பதற்கும் தேவைப்படுவது அலகு மாற்றம்தான்.

தமிழகத்தில் மணலும் ஜல்லியும் வாங்குவோர் அனைவரும் அறிந்தது "யூனிட்". ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதாவது 2.83 கன மீட்டர். லாரியின் பெட்டியை டேப் வைத்து அளந்து, நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த அலகுதான் கட்டடத் தொழிலின் நாணயம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மலையில் உள்ள பாறை இறுகியது. அதன் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.6 முதல் 2.7 டன் எடை கொண்டது. அதை உடைத்து லாரியில் கொட்டினால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று புகுந்துகொள்கிறது. அப்போது ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 1.6 டன்னாகக் குறைந்துவிடும். இறுகிய பாறையின் ஒரு யூனிட் ஏழரை டன். உடைத்த ஜல்லியின் ஒரு யூனிட் நாலரை டன். அலகு ஒன்றே, பொருளும் ஒன்றே, எடை மட்டும் வேறு.

ஆகவே, ஒரு குவாரிக்கு இத்தனை கன மீட்டர் என்று அனுமதி கொடுக்கும்போது, அது மலையில் இறுகிய நிலையில் உள்ள கன மீட்டரா, லாரியில் கொட்டிய நிலையில் உள்ள கன மீட்டரா என்பது தெளிவாக இல்லாவிட்டால் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடறிவிடும். 6 யூனிட் ஜல்லி ஏற்றிய லாரியில் ஏறத்தாழ 27 டன் இருக்கும். அதே லாரியின் பக்கப் பலகையை உயர்த்தி 8 யூனிட் ஏற்றினால் 36 டன். அனுமதிச் சீட்டில் கன மீட்டரும், எடை மேடையில் டன்னும், கைமாறும் பணத்தில் யூனிட்டும் இருந்தால், சோதனைச்சாவடிக் காவலர் எதை எதனோடு ஒப்பிடுவார்?

கன மீட்டரிலிருந்து டன்னுக்கு

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டும் வகையில் தமிழக அரசு, குவாரிகளுக்கான சீனியரேஜ் கட்டணத்தைக் கன மீட்டர் அடிப்படையிலிருந்து மெட்ரிக் டன் அடிப்படைக்கு மாற்றியது. கனிமவளம் உள்ள நிலங்களுக்குத் தனி வரியும் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்து குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் அந்த மாதத்தின் நடுவில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கட்டுமானப் பணிகள் முடங்கின. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, சாதாரணக் கற்களுக்கான கட்டணத்தை ஒரு டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ரூபாயாக அரசு குறைத்தது.

இந்த இரு எண்களையும் பழைய அலகுக்கு மாற்றிப் பார்த்தால்தான் மோதலின் பொருள் புரியும். இறுகிய பாறையின் ஒரு கன மீட்டர் 2.65 டன் என்று கொண்டால், டன்னுக்கு 60 ரூபாய் என்பது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 160 ரூபாய். டன்னுக்கு 33 ரூபாய் என்பது ஏறத்தாழ 87 ரூபாய். கன மீட்டரில் பழகிய காதுக்கு 60 என்பது சிறிய எண்ணாகக் கேட்கும். ஆனால், அலகு மாறியதால் அது பெரிய சுமை. வேலைநிறுத்தம் நடந்த நாள்களில் இரு தரப்பும் சொன்ன எண்களைத் தனித்தனியே படித்தவர்கள் யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்ய முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

எடையைக் கொண்டு கட்டணம் வசூலிப்பதில் அரசுக்கு நன்மை உண்டு. டன் என்பது காற்றைச் சேர்த்துக்கொள்ளாது. எடை மேடையில் ஏறிய லாரி எவ்வளவு எனப் பார்த்து விடலாம். ஆனால், மலையில் எவ்வளவு வெட்டப்பட்டது என்பதைக் காண மீண்டும் கன மீட்டருக்குத்தான் வர வேண்டும். பள்ளத்தை அளக்க முடியுமே தவிர, அங்கு இல்லாமல் போன கல்லை எடை போட முடியாது.

எடுத்துக்காட்டாக, ஏதேனும் ஒரு கடல் பணிக்கு 10 லட்சம் டன் கல் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், மலையில் அது 3.77 லட்சம் கன மீட்டர். இரண்டரை ஏக்கர் பரப்பில், 12 மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குச் சமமான ஏறத்தாழ 38 மீட்டர் ஆழப் பள்ளம் இது. லாரியில் ஏறும்போது அதே கல் ஏறத்தாழ 2.2 லட்சம் யூனிட். லாரிக்கு 8 யூனிட் வீதம் 27 ஆயிரம் நடைகளுக்கு மேல். தில்லியின் கோப்பில் "10 லட்சம் டன்" என ஒரே சொல்லில் முடிவது, குமரி மாவட்டத்துச் சாலையில் எத்தனை லாரி, மலையில் எத்தனை அடி என்ற கேள்வியாக மாறுவது இப்படித்தான்.

விழிஞ்ஞத்தின் அடுத்த கட்ட விரிவாக்கத்தில் அலைதடுப்புச் சுவரும் நீள்கிறது. 2028-க்குள் பணிகளை முடிப்பது இலக்கு. அதற்கான கல் எங்கிருந்து, எந்த அலகில், யாருடைய கணக்கில் வரும் என்பது தமிழகத்துக்கும் உரிய கேள்வி.

எண்ணெயும் மண்ணெண்ணெயும்

2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட "எம்.எஸ்.சி. எல்சா-3" என்ற கப்பல் கேரளக் கடலில் சாய்ந்து 25-ஆம் தேதி மூழ்கியது. அதில் ஏறத்தாழ 640 பெட்டகங்கள் இருந்தன. 13 பெட்டகங்களில் ஆபத்தான சரக்கும், 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடும் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. கப்பலின் தொட்டிகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் ஃபர்னஸ் எண்ணெயும் இருந்தன.

எண்ணெய்க்கு டன் என்பது எடை. அது கடலில் எவ்வளவு பரவும் என்பதை அறியக் கொள்ளளவுக்கு மாற்ற வேண்டும். டீசல் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 840 கிராம். ஃபர்னஸ் எண்ணெய் சற்றுக் கனமானது; லிட்டர் ஏறத்தாழ 960 கிராம். அந்தக் கணக்கில் டீசல் ஒரு லட்சம் லிட்டர். ஃபர்னஸ் எண்ணெய் 3.8 லட்சம் லிட்டர். இரண்டும் சேர்ந்து 4.8 லட்சம் லிட்டர், அதாவது 480 கிலோ லிட்டர். பெட்ரோல் நிலையங்களுக்கு வரும் 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரிகளாகச் சொன்னால் 40 லாரிகள். உலகச் சந்தையில் வழங்கும் பீப்பாய்க் கணக்கில், ஒரு பீப்பாய் 159 லிட்டர் என்பதால், ஏறத்தாழ 3,000 பீப்பாய்.

அந்தக் கப்பலின் பெட்டகங்களும் பிளாஸ்டிக் மணிகளும் கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் மட்டுமின்றிக் குமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. இரு மாநில மீனவர்களுக்கும் பிழைப்பு கெட்டது.

கொள்ளளவுக் கணக்கு மீனவர்களுக்குப் புதிதல்ல. விழிஞ்ஞத்தில் 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் முதல் வாரம் வரை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் நடைபெற்ற போராட்டத்தில், கரை அரிப்பு குறித்த ஆய்வு, வீடிழந்தோருக்கு மறுவாழ்வு ஆகியவற்றுடன், மானிய விலையில் மண்ணெண்ணெய் வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. மாநிலங்களுக்கான மண்ணெண்ணெயை மத்திய அரசு கிலோ லிட்டரில் ஒதுக்குகிறது. படகு மோட்டார் குடிப்பது லிட்டரில். ஆயிரம் கிலோ லிட்டர் என்று தில்லி அறிவிப்பது பெரிய அளவாகத் தோன்றலாம். அது 10 லட்சம் லிட்டர். பத்தாயிரம் படகுகளுக்குப் பிரித்தால் படகுக்கு 100 லிட்டர். அதாவது அரை டிரம். அடுத்த ஒதுக்கீடு வரும் வரை அது எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களே அறிவார்கள்.

எடையல்லாத டன்

எல்சா-3 விபத்துக்காகக் கேரள அரசு, உயர் நீதிமன்றத்தில் ரூ. 9,531 கோடி இழப்பீடு கோரியது. இதில் மீனவர்களின் இழப்புக்கென ரூ. 526.51 கோடி கேட்கப்பட்டது. இந்தக் கோரிக்கைக்குப் பிணையாக, விழிஞ்ஞத்தில் இருந்த அதே நிறுவனக் குழுமத்தின் "எம்.எஸ்.சி. அகிடெட்டா-2" என்ற கப்பலைச் சிறைப்பிடிக்க 2025 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பரில், பிணைத் தொகையை ரூ. 1,227.62 கோடி என நீதிமன்றம் வரையறுத்தது.

கப்பல் விபத்துகளில் உரிமையாளர் தரவேண்டிய தொகைக்குச் சர்வதேச உடன்படிக்கைகள் உச்சவரம்பு வகுத்துள்ளன. அந்த வரம்பு சேதத்தின் அளவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. கப்பலின் "கிராஸ் டன்னேஜ்" என்ற அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெயரில் டன் இருந்தாலும் இது எடையல்ல. கப்பலின் மூடிய பகுதிகள் அனைத்தின் கொள்ளளவு.

1854-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் 100 கன அடிக்கு ஒரு ரிஜிஸ்டர் டன் என்று கப்பல்கள் அளக்கப்பட்டன. தமிழகத்து லாரியின் ஒரு யூனிட்டும் அதே 100 கன அடி என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. 1969-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை இந்த முறையை மாற்றி, கன மீட்டரிலிருந்து ஒரு சூத்திரம் வழியாக கிராஸ் டன்னேஜ் காணும் முறையைக் கொண்டு வந்தது. அதன்படி ஒரு லட்சம் கன மீட்டர் மூடிய இடம் கொண்ட கப்பலின் கிராஸ் டன்னேஜ் 30 ஆயிரம்.

அத்தகைய கப்பலுக்கு, 2015 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச வரம்பின்படி, உயிரிழப்பு அல்லாத பொருள் சேதத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 1.84 கோடி எஸ்.டி.ஆர். இது சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயம். இந்திய மதிப்பில் 200 கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டும். உரிமையாளர் வேண்டுமென்றோ, விளைவு தெரிந்தே பொறுப்பின்றியோ செயல்பட்டார் என்று நிரூபித்தால் மட்டுமே இந்த வரம்பை உடைக்க முடியும். ஆயிரக்கணக்கான கோடி கேட்கும் மாநிலத்துக்கும் சில நூறு கோடியில் நிற்கும் வரம்புக்கும் இடையே உள்ள தொலைவை நிர்ணயிப்பது, கப்பலின் உள்ளே எத்தனை கன மீட்டர் இடம் உள்ளது என்ற கணக்கு. கடலில் எத்தனை லிட்டர் எண்ணெய் கொட்டியது, எத்தனை நாள் வலை காய்ந்தது என்பவை அந்தக் கணக்கில் இல்லை.

டன் என்ற சொல்லே ஐரோப்பாவின் பெரிய மதுப் பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதே அன்று கப்பலின் அளவு. தமிழிலும் இதே உறவு உண்டு. கலம் என்றால் கப்பல்; கலம் என்றால் நெல் அளவும் கூட. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும், பாண்டியரும் சோழரும் போரிட்டுக் கைப்பற்றிய ஊராகவும் வரலாற்றில் இடம்பெற்ற விழிஞ்ஞத்துக்கு இந்தச் சொல் அந்நியமானதல்ல.

ஊருக்கு ஊர் நாழி மாறினால் வரி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வழக்கு என்பதை அக்கால அரசுகள் அறிந்திருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், "ஆடவல்லான்" என்ற மரக்காலையும், அது "இராசகேசரி" என்ற அரசின் அளவுக்குச் சமம் என்பதையும் பதிவு செய்கின்றன. எந்த அளவால் அளக்கப்பட்டது என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இன்றைய அறிவிப்புகள் பலவற்றில் இல்லாதது இந்தக் குறிப்புதான்.

நெய்யாற்றின் கன அடி

கல் தெற்கிலிருந்து வடக்கே செல்ல, தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே வருவதில்லை என்பது குமரி மாவட்ட விவசாயிகளின் நெடுநாள் வருத்தம். நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் மூலம் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் பாசனம் பெற்று வந்தது. 2004-ஆம் ஆண்டு கேரளம் தண்ணீர் விடுவதை நிறுத்தியது. தமிழக அரசு 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

இங்கும் இரண்டு அலகுகள் குழப்பப்படுகின்றன. டி.எம்.சி. என்பது தேங்கிய நீரின் அளவு. "கியூசெக்" என்பது விநாடிக்கு ஒரு கன அடி என்ற ஓட்டத்தின் அளவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நேரம் தெரிய வேண்டும். விநாடிக்கு 100 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் விட்டால் 86.4 லட்சம் கன அடி. 24 கோடி லிட்டருக்கு மேல். அதே வேகத்தில் ஒரு டி.எம்.சி. சேர 116 நாள்கள் ஆகும்.

காவிரியில் 2023 ஆகஸ்ட் இறுதியில் கர்நாடகம் விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள்களுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டபோது, 5,000 என்ற எண்ணே தலைப்புச் செய்தியானது. மொத்தத்தில் அது ஆறரை டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. உத்தரவுக் காலம் 10 நாளாகவோ 20 நாளாகவோ மாறினால், கியூசெக் மாறாமலேயே தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறையும், கூடும்.

முல்லைப் பெரியாறில் அரசியல் அலகு அடி. 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 142 அடி. அது உயரமே தவிரக் கொள்ளளவு அல்ல. அணை மேலே செல்லச் செல்ல விரிவதால், அடிமட்டத்தின் ஓரடியைவிட உச்சியின் ஓரடி பல மடங்கு தண்ணீரைத் தாங்கும். "ஓரடிதானே" என்று ஒரு தரப்பு சொல்வதும், மறு தரப்பு அந்த ஓரடிக்காகப் போராடுவதும் இதனால்தான்.

எந்த அலகு என்று கேட்பது உரிமை

டி.இ.யு. வேண்டும், டன் வேண்டாம் என்றோ, யூனிட்டை ஒழித்துவிட வேண்டும் என்றோ வாதிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தன் வசதிக்கேற்ற அலகு உண்டு. ஆனால், அரசு அறிவிப்பு, அனுமதிச் சீட்டு, நீதிமன்ற மனு ஆகியவற்றில் வழக்க அலகுக்கு அருகிலேயே கன மீட்டரும் எடையும் சேர்த்து எழுதப்பட வேண்டும். கல் என்றால் இறுகிய நிலையா, உடைத்த நிலையா என்பதும், தண்ணீர் என்றால் எத்தனை நாளுக்கு என்பதும், பெட்டகம் என்றால் ஒரு முறை எண்ணியதா இரு முறை எண்ணியதா என்பதும் அதில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டத்தை அரசே பின்பற்றினால் போதும்.

அதுவரை, எண்ணைக் கேட்டவுடன் ஆதரிக்கவோ எதிர்க்கவோ முற்படாமல், எந்த அலகு என்று முதலில் கேட்பது வாக்காளரின் பொறுப்பு. களியக்காவிளையைக் கடக்கும் ஒரு லாரியில் இருப்பது எத்தனை யூனிட், எத்தனை கன மீட்டர், எத்தனை டன் என்ற மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் கணக்கு நேர். பொருந்தாவிட்டால், இடையில் காணாமல் போனது மலையின் ஒரு பகுதி.

கணக்கிட்டுப் பார்க்க

ஒரு கன மீட்டர் - 1,000 லிட்டர், 35.3 கன அடி.
ஒரு கன அடி - 28.3 லிட்டர்.
ஒரு யூனிட் - 100 கன அடி, 2.83 கன மீட்டர்.
ஒரு டி.இ.யு. - 1,360 கன அடி, 38.5 கன மீட்டர், 13.6 யூனிட்.
ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் - 159 லிட்டர்.
ஒரு டி.எம்.சி. - 100 கோடி கன அடி, 2.83 கோடி கன மீட்டர். 2,832 கோடி லிட்டர்.
ஒரு கியூசெக், ஒரு நாளைக்கு - 86,400 கன அடி, 24.5 லட்சம் லிட்டர்.
ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. சேர - விநாடிக்கு 11,574 கன அடி.